ஒயினைக் குப்பியில் அடைக்கும் முன் கே.எம்.எஸ். பொடி போட வேண்டுமா? எவ்வளவு?

விளைவீட்டுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். நான் தக்கலைப் பக்கம். கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல வீட்டில் ஒயின் போட்டிருக்கிறோம். அம்மாவின் கணக்கு: 5 கிலோ பன்னீர் திராட்சை (வடசேரி சந்தையில் வாங்கினது, கம்பத்திலிருந்து வருகிற கறுப்புப் பழம்), 3 கிலோ சீனி, கொதிக்க வைத்து ஆற்றின தண்ணீர் 4 லிட்டர், ஒரு பிடி கோதுமை, ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், இரண்டு துண்டு பட்டை, மாறாமலையில் வேலை பார்க்கிற சித்தப்பா கொண்டுவந்த கிராம்பு. பரணியில் (ஜாடியில்) போட்டு வாயில் துணி கட்டி, தினமும் காலையில் சிரட்டை அகப்பையால் கிளறி, 21 நாள் கழித்து நேற்று வடித்தோம். 10 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்திருக்கிறது. ருசி நல்ல இனிப்பு, கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கிறது.

போன வருஷமும் இதே அளவுதான், இதே பரணிதான். குப்பிகளில் அடைத்து வைத்தோம். டிசம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஒரு குப்பியின் மூடி தானாகத் தெறித்து அடுக்களைச் சுவர் முழுக்க ஊதாக் கறை, வெள்ளையடித்தும் இன்னும் லேசாகத் தெரிகிறது. பாதி குடித்து மிச்சம் வைத்த இன்னொரு குப்பியைப் பொங்கலுக்குத் திறந்தால் மூக்கைத் துளைக்கிற காடி. அதை அம்மா மீன் கழுவ எடுத்துக்கொண்டாள்.

இந்த முறை பெங்களூரில் இருக்கிற அத்தை மகன் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் (கே.எம்.எஸ்.) என்று ஒரு 50 கிராம் பொட்டலம் அனுப்பியிருக்கிறான், குப்பியில் அடைக்கும் முன் போட்டால் கெடாது என்கிறான். எவ்வளவு என்று கேட்டால் "நெட்டில் பார்" என்கிறான். பார்த்தால் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு கணக்கு, காலன் என்கிறார்கள், மாத்திரை என்கிறார்கள். திறந்து முகர்ந்து பார்த்தேன், தீக்குச்சி கிழித்த நாற்றம் உச்சந்தலை வரைக்கும் ஏறி இருமல் வந்துவிட்டது. அம்மாவோ "விஷத்தையா கலக்கப் போகிறாய்" என்று பரணி பக்கமே விடமாட்டேன் என்கிறாள். போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: எவ்வளவு போட வேண்டும், எப்போது போட வேண்டும், போட்டால் மூடி தெறிக்கிறதும் காடியாகிறதும் இரண்டும் நின்றுவிடுமா?


ஸ்குவாஷ் அக்கா

பயப்பட ஒன்றும் இல்லை பிள்ளே. நாங்கள் இருபது வருஷமாக அன்னாசி ஸ்குவாஷுக்கு இந்தக் கே.எம்.எஸ்.தான் போடுகிறோம். கடைகளில் விற்கிற ஸ்குவாஷ் குப்பியின் பின்பக்கம் பாருங்கள், இதன் எண் 224 என்று போட்டிருக்கும். பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டு நன்றாகக் கலக்கி மூடிவிடுங்கள், வருஷம் முழுக்க இருக்கும்.


பால்வெட்டு

அக்கா சொன்ன அளவைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் பொடியை எங்கே வாங்கினது என்று முதலில் பாருங்கள். நான் குலசேகரம் பக்கம், ரப்பர்தான் பிழைப்பு. ரப்பர் பால் காய்ந்து நிறம் கறுக்காமல் இருக்க சோடியம் பைசல்பைட், மெட்டாபைசல்பைட் எல்லாம் இங்கே ஷெட்டில் சாதாரணமாகக் கிடக்கும். அதே வெள்ளைப் பொடி, அதே தீக்குச்சி வாசனை. என் மச்சினன் யாரோ சொன்னார்கள் என்று அந்தச் சாக்கிலிருந்தே ஒரு கரண்டி அள்ளி கொல்லாம்பழ (முந்திரிப்பழ) ஒயினில் போட்டுவிட்டான். நான் போய்ப் பார்க்கும்போது மேலே ஏதோ கறுப்புத் தூசி மிதந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே ஃபார்மிக் ஆசிட் கேன் இருக்கிற ஷெட் அது, சாக்கில் என்னென்ன சிந்தியிருக்கும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எட்டு லிட்டரையும் சக்கை (பலா) மரத்து மூட்டில் கொட்ட வைத்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உணவுத் தரம் என்று போட்டதென்றால் ஈயம், ஆர்சனிக் போன்றவை இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு உண்டு, தொழிற்சாலைச் சரக்குக்கு அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.


விளைவீட்டுக்காரி

பார்த்தேன் அண்ணா. உணவுத் தரம் என்றும் ஐ.என்.எஸ். 224 என்றும் இருக்கிறது. கட்டியாகாமல் உதிரியாகத்தான் இருக்கிறது.


நாசிக் போன நாஞ்சிலான்

ஒரு டீஸ்பூன் போட்டுவிடாதீர்கள், அதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன். ஊர் மார்த்தாண்டம், நாசிக்கில் ஒரு ஒயின் ஆலையின் லேபில் ஆறு வருஷம் இருந்தேன், இப்போது வேறு வேலை.

அக்கா ஸ்குவாஷுக்குச் சொன்ன கணக்கு ஸ்குவாஷுக்குச் சரி. ஸ்குவாஷில் 350 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வையுங்கள்) வரைக்கும் சல்ஃபர் டை ஆக்சைடு இருக்கலாம், ஏனென்றால் அதை யாரும் அப்படியே குடிப்பதில்லை, ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் ஊற்றித்தான் குடிக்கிறோம். ஒயினை அப்படியே குடிப்போம். ஒரு டீஸ்பூன் பொடி சுமார் 6 கிராம் வரும். இந்தப் பொடியின் எடையில் 57 சதவீதம் சல்ஃபர் டை ஆக்சைடாக வெளியே வரும், அதாவது 6 கிராமுக்கு 3.4 கிராம், அதைப் பத்து லிட்டரில் பங்கிட்டால் லிட்டருக்கு 340 மில்லிகிராம். ஐரோப்பாவில் சாதாரண சிவப்பு ஒயினுக்கு மொத்த வரம்பே 150தான். நீங்கள் போட வேண்டியது சுமார் 50. அதற்குப் பத்து லிட்டருக்கு 0.9 கிராம் போதும், டீஸ்பூனில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை.

அதைக் கையால் அளக்க முடியாது, முயற்சியே பண்ணாதீர்கள். நகை நிறுக்கிற மாதிரி சின்ன தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் 10 கிராம் பொடியை நிறுத்து, கொதித்து ஆறின தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். இப்போது ஒரு மில்லியில் 0.1 கிராம் பொடி இருக்கிறது. மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்கினால் பத்து லிட்டருக்கு ஒன்பது மில்லிக்குக் கொஞ்சம் குறைய இழுத்து ஊற்றிவிடலாம். கரைசலை ஜன்னல் பக்கத்தில் நின்று செய்யுங்கள், முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். மிச்சக் கரைசலை வைத்துக் குப்பி கழுவலாம், அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், வீரியம் போய்விடும். பொடியும் அப்படித்தான், நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலம் திறந்து கிடந்தால் போதும்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் இரண்டு கோளாறு சொன்னீர்கள், இரண்டும் வேறு வேறு கோளாறு. காடியானது பாக்டீரியாவின் வேலை. அதற்குக் காற்று வேண்டும், பாதிக் குப்பியில் அது தாராளமாகக் கிடைத்தது, சாராயத்தைத் தின்று அசெடிக் அமிலமாக்கிவிட்டது. இந்தப் பொடி தருகிற சல்பைட் இந்த பாக்டீரியாவை அடக்கும், காற்று பட்டு நிறமும் மணமும் மங்குவதையும் தடுக்கும். ஆனால் மூடி தெறித்தது ஈஸ்டின் வேலை. ஒயின் ஈஸ்ட், ரொட்டி ஈஸ்ட் எல்லாம் ஒரே இனம், சல்பைட்டைத் தாங்கும், சொல்லப்போனால் அதுவே நொதிக்கும்போது கொஞ்சம் சல்பைட்டை உண்டாக்கும். 50 பி.பி.எம். அதற்கு ஒரு தும்மல் மாதிரி. ஓடிக்கொண்டிருக்கிற நொதிப்பைப் பொடி போட்டு நிறுத்தலாம் என்று நினைத்தால் மறுபடியும் சுவரைக் கழுவ வேண்டியதுதான். அது மட்டுமில்லை, நொதிக்கும்போது உண்டாகிற அசிட்டால்டிஹைடு நீங்கள் போடுகிற சல்பைட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காவலுக்கு நிற்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் நொதிப்பு ஓய்ந்து, தெளிந்து, மண்டியிலிருந்து மேல்தெளிவை எடுத்த பிறகுதான் பொடி.

நொதிப்பு நின்றுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?


விளைவீட்டுக்காரி

21 நாள் ஆகிவிட்டது, அதுதான் கணக்கு என்று அம்மா சொன்னாள் :) நுரை இல்லை. பக்கத்து வீட்டில் பால் லாக்டோமீட்டர் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், கோடெல்லாம் வெளியே நிற்கிறது, மிதக்கிறது, ஒன்றும் புரியவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி அண்ணா. அம்மா கேட்கிறாள், அக்கானி (பதனீர்) இறக்குகிற கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது மாதிரிதான் இதுவா, அப்படியென்றால் சுண்ணாம்பே போட்டுவிடலாமே, அது வெற்றிலைக்குத் தின்கிறதுதானே என்று. அப்புறம் என் தாய்மாமா கிறிஸ்துமஸுக்குக் கருங்கலிலிருந்து வருவார், அவருக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். அவர் குடிக்கலாமா?


குளச்சல் கரைக்காரன்

ஒயின் எனக்குத் தெரியாது, ஆனால் இந்தப் பொடி தெரியும். இறால் பிடித்து ஏற்றினதும் தலை கறுத்துப் போகாமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்பைட் கரைத்த தண்ணீரில் முக்கி எடுப்பது தொழிலில் உண்டு. மூடின அறைக்குள் இதைக் கரைத்து இருமல் பிடித்து வெளியே ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல நெஞ்சுள்ளவர்களே. வீசிங் உள்ளவர்களில் சிலருக்கு இது கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே மூச்சு இறுகும். எல்லாருக்கும் வராது, ஆனால் யாருக்கு வரும் என்று கிறிஸ்துமஸ் ராத்திரி சோதித்துப் பார்க்க முடியுமா? மாமாவிடம் ஒன்று கேளுங்கள், மஞ்சள் கிஸ்மிஸ் தின்றால் இழுப்பு வருகிறதா என்று. அந்தப் பளபள மஞ்சள் நிறம் நிற்பதும் இதே சல்ஃபர் டை ஆக்சைடு காட்டித்தான்.


நாசிக் போன நாஞ்சிலான்

கரைக்காரர் சொன்னது சரி. 10 பி.பி.எம்.முக்கு மேல் போனாலே லேபிளில் சல்பைட் இருக்கிறது என்று எழுத வேண்டும் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சட்டம் இருப்பது இவர்களுக்காகத்தான். மற்றவர்களுக்குப் பயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்ன அளவு உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.7 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 42 வரும். 50 பி.பி.எம். ஒயின் ஒரு கிளாஸ், 150 மில்லி என்று வைத்தால் 7.5 மில்லிகிராம்தான் உள்ளே போகும். மாமாவுக்குப் பொடி போடாததைத் தனியாக வையுங்கள். அதிலும் ஈஸ்ட் உண்டாக்கின சல்பைட் துளி இருக்கும் என்பதால், அவரைக் கொஞ்சம் பார்த்துக் குடிக்கச் சொல்லுங்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

அம்மாவின் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. நோக்கம் ஒன்று, வழி நேர் எதிர். சுண்ணாம்பு அக்கானியின் புளிப்பை அடித்துக் காரத்தன்மையாக்குகிறது, அந்த நிலையில் ஈஸ்ட் தலை தூக்காது, அதனால்தான் கள்ளாகாமல் பதனீராகவே இறங்குகிறது. சல்பைட் வேலை செய்ய வேண்டுமென்றால் புளிப்பு வேண்டும். பி.ஹெச். (புளிப்பைக் காட்டுகிற எண், குறைந்தால் புளிப்பு அதிகம்) 3.2 இருந்தால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் பக்கம் கட்டுப்படாமல் தனித்து நின்றாலே போதும், 3.8 ஆனால் அதே காவலுக்கு 80 பக்கம் வேண்டும். ஆக ஒயினில் சுண்ணாம்பைப் போட்டால் ஒயினும் போச்சு, பொடியும் வீண். நம் ஊர் முறையில் பழத்துக்குச் சரிக்குச் சரி தண்ணீர் ஊற்றுவதால் புளிப்பு கொஞ்சம் இளகித்தான் இருக்கும், அடுத்த வருஷம் தண்ணீரைக் குறையுங்கள்.

லாக்டோமீட்டர் உங்களுக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதில் 40 வரைக்கும்தான் கோடு இருக்கும், அதாவது அடர்த்தி 1.040. அதற்கு மேலேயே மிதக்கிறது என்றால் உள்ளே சீனி குவிந்து கிடக்கிறது என்று அர்த்தம். நீங்கள் போட்ட 3 கிலோ, பழத்தில் இருந்த முக்கால் கிலோ போல, எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 370 கிராம் பக்கம் வரும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சீனி நொதித்தால் ஒரு சதவீதம் சாராயம். முழுவதும் நொதித்தால் 21, 22 சதவீதம் வர வேண்டும், ரொட்டி ஈஸ்ட் அதெல்லாம் தாங்காது, பத்து பன்னிரண்டில் மயங்கிவிடும். பாதிச் சீனி அப்படியே மிச்சம். ஈஸ்ட் சாகவில்லை, மயங்கிக் கிடக்கிறது, வடிக்கும்போது கொஞ்சம் காற்று பட்டதும் கண்ணைத் திறக்கும். போன வருஷத்துக் குப்பியில் நடந்தது அதுதான்.


கோட்டாறு பெரியப்பா

இவ்வளவு கணக்கா! நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் ஒயின் போடுகிறோம், பொடி என்று ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. குப்பியைக் கழுத்து வரைக்கும் நிறைப்போம், கார்க்கை மெழுகால் அடைப்போம், பொங்கலுக்குள் குடித்துத் தீர்ப்போம். தீர்ந்து போகிற சாதனத்துக்கு எதற்குப் பாதுகாப்பு? காடியாகிறது என்றால் உங்கள் வீட்டில் குடிக்க ஆள் குறைவு என்று அர்த்தம்.

இன்னொன்று, யாரும் சொல்லாததால் சொல்கிறேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இலிருந்து இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம். கேரளாவிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு ஒயினுக்குக் கலால்துறை எச்சரிக்கை விட்டது. வீட்டுப் பரணி ஒன்றை யார் பார்க்கப்போகிறார்கள் என்று எல்லாரும் இருக்கிறோம், சரி, ஆனால் குப்பியில் லேபிள் ஒட்டி வாட்ஸ்அப்பில் விலை போடுகிற வேலை மட்டும் வேண்டாம்.


விளைவீட்டுக்காரி

விற்கிற எண்ணமே இல்லை பெரியப்பா, வீட்டுக்குத்தான். குடிக்கிற ஆள் குறைவு என்பதும் உண்மை, நானும் அம்மாவும்தான், மாமா வந்தால் மூன்று பேர். அதனால்தான் ஈஸ்டர் வரைக்கும் வைக்க ஆசை.

நாஞ்சிலான் அண்ணா, அப்படியென்றால் நான் இப்போது என்ன செய்ய? கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.


நாசிக் போன நாஞ்சிலான்

இரண்டாகப் பிரியுங்கள். கிறிஸ்துமஸுக்கு வேண்டியதை, ஒரு 4 லிட்டர் என்று வையுங்கள், பொடி எதுவும் போடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், மூடியை இறுக்க வேண்டாம். குளிரில் ஈஸ்ட் தூங்கும், பாக்டீரியாவும் சோம்பும். மாமாவுக்கும் அதிலிருந்தே கொடுக்கலாம்.

மிச்சம் 6 லிட்டரை ஒரு கண்ணாடிக் கேனில் அல்லது உணவுக்கான பிளாஸ்டிக் கேனில் வாய் வரைக்கும் நிறையுங்கள். மூடியில் ஒரு துளை போட்டு மெல்லிய டியூப் செருகி, இடுக்கை மெழுகால் அடைத்து, மறு நுனியை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் விடுங்கள். குமிழி வெளியே போகும், காற்று உள்ளே வராது. இனிமேல் திறந்து கிளறுகிற வேலை கூடாது. முதல் வாரம் கிளறுவது நல்லதுதான், மேலே மிதக்கிற தோல் காயாமல் இருக்கும், ஈஸ்டுக்கும் காற்று கிடைக்கும், ஆனால் 21 நாளும் தினமும் திறப்பது காடிப் பூச்சிக்கு நாமே இலை போட்டு விருந்து வைக்கிற மாதிரி. கேன் நிறையவில்லை என்றால் கண்ணாடிக் கோலிக்குண்டை வெந்நீரில் கொதிக்க வைத்து ஒவ்வொன்றாக உள்ளே விடுங்கள், மட்டம் கழுத்துக்கு ஏறிவிடும். சிரிக்காதீர்கள், வெளிநாட்டில் வீட்டில் ஒயின் போடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஜனவரியில் குமிழி நின்று கேனுக்கு அந்தப் பக்கம் கைவிரல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த பிறகு, கேனை மேடை மேல் வைத்து, மண்டியை அசைக்காமல் டியூபால் மேல்தெளிவை இழுங்கள். டியூபின் நுனி பாத்திரத்தின் அடியில் முட்டியிருக்க வேண்டும், டீ ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து விழக்கூடாது. பித்தளை, அலுமினியம் பக்கம் போகவே வேண்டாம். 6 லிட்டருக்கு அந்தக் கரைசலில் 5 மில்லி, அதிகம் போனால் ஐந்தேகால். மெதுவாகக் கலக்கி ஒரு ராத்திரி விட்டு மறுநாள் குப்பியில் அடையுங்கள்.

ஈஸ்டுக்கு இரண்டு வழி. ஒன்று பொட்டாசியம் சார்பேட், ஆறு லிட்டருக்கு ஒன்றரை கிராம். அது ஈஸ்டைக் கொல்லாது, குட்டி போடவிடாது, அவ்வளவுதான், அதனால் நன்றாகத் தெளிந்த ஒயினில்தான் பலிக்கும். சல்பைட் இல்லாமல் சார்பேட் மட்டும் போட்டால் சில பாக்டீரியா அதைத் தின்று ஜெரேனியம் இலையைக் கசக்கின மாதிரி ஒரு வாசனையைக் கொண்டுவரும், அதைப் போக்க வழியே கிடையாது. இரண்டாவது வழி, நான் வீட்டில் செய்கிறது, சூடு. ஒயின் நிறைத்த குப்பிகளை ஒரு அண்டாவில் துணி விரித்து நிறுத்துங்கள், கழுத்து வரைக்கும் தண்ணீர், மூடியைச் சும்மா மேலே வைத்தால் போதும், இறுக்கினால் வெடிக்கும். ஒரு குப்பிக்குள் தெர்மாமீட்டர் விட்டு, ஒயின் 65 டிகிரி தொட்டதும் அடுப்பைக் குறைத்து 20 நிமிடம் அங்கேயே நிறுத்தி, பிறகு மூடியை இறுக்கி ஆறவிடுங்கள். ருசி கொஞ்சம் வெந்த பக்கம் போகும், இவ்வளவு இனிப்பும் கிராம்பும் இருக்கிற ஒயினில் பெரிதாகத் தெரியாது. லூயி பாஸ்டர் 1860-களில் கெட்டுப்போகாமல் இருக்கச் சூடாக்கிப் பார்த்தது முதலில் ஒயினைத்தான், பால் எல்லாம் பிறகு வந்தது.

ஒரு குப்பி மட்டும் கண்ணாடியில் அடைக்காமல் சோடா வருகிற பிளாஸ்டிக் குப்பியில் அடையுங்கள். தினமும் அமுக்கிப் பாருங்கள். கல்லு மாதிரி இறுகினால் உள்ளே நொதிப்பு ஓடுகிறது, மற்ற குப்பிகளைத் திறந்து காற்றை விட்டுவிடலாம், சுவர் தப்பிக்கும்.


ஸ்குவாஷ் அக்கா

தம்பி சொன்னது சரிதான், தண்ணீர் கலக்கிற விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. நல்லவேளை யாரும் நான் சொன்னதைக் கேட்டுப் போட்டுவிடவில்லை. அந்தத் தராசு எனக்கும் ஒன்று வாங்க வேண்டும்.


விளைவீட்டுக்காரி

பொங்கல் கழிந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கிறிஸ்துமஸ் 4 லிட்டர் தீர்ந்துவிட்டது. மாமா ஒன்றரை கிளாஸ் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. கிஸ்மிஸ் கேள்வியைக் கேட்டேன், "ஆமா, பாயாசம் குடித்தால் சில நேரம் நெஞ்சு இறுகும், நான் நெய் என்று நினைத்தேன்" என்றார். கரைக்காரர் அண்ணனுக்கு நன்றி.

கேனில் புத்தாண்டு வரைக்கும் குமிழி வந்துகொண்டே இருந்தது, டம்ளருக்குள் நிமிஷத்துக்கு ஒன்று, பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒன்று. அம்மா அதை எண்ணிக்கொண்டே காய் நறுக்குவாள். 21 நாள் கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை, அவளே ஒரு நாள் "இது இன்னும் பேசிக்கிட்டுல்லா கிடக்கு" என்றாள். 9-ஆம் தேதி தெளிந்து, அடியில் விரல்கடை உயரத்துக்கு மண்டி. டியூபால் இழுக்கும்போது முதலில் வாயில் கொஞ்சம் வந்துவிட்டது, ருசி போன வருஷத்தைவிட நல்லது. தராசில் நிறுத்துக் கரைசல் செய்து சிரிஞ்சில் சரியாக 5 மில்லி. ஊற்றினதும் நிறம் ஒரு படி இறங்கிவிட்டது, நாவல்பழக் கறுப்பாக இருந்தது சிவப்புப் பக்கம் வந்தது. பதறிவிட்டேன். மறுநாள் கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது, என் கண்ணா என்று தெரியவில்லை. தீக்குச்சி வாசனை முதல் நாள் லேசாக இருந்தது, இப்போது இல்லை.

சார்பேட் கிடைக்கவில்லை, சூடு வைத்தேன். அடுக்களை முழுக்கப் பட்டை வாசனை. ஐந்து கண்ணாடிக் குப்பியையும் ஒரு பிளாஸ்டிக் குப்பியையும் ஒன்றாகத்தான் அடைத்தேன், ஆனால் பிளாஸ்டிக்கைச் சூட்டில் வைக்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டேன். அதில் பொடி மட்டும்தான், சூடு இல்லை. ஏழாம் நாள் காலையில் அமுக்கினால் விரல் இறங்கவே இல்லை, அடி உப்பிவிட்டது. அண்ணா சொன்னது கண்ணெதிரே. அதை மெதுவாகத் திறந்து புஸ்ஸென்று விட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். சூடு வைத்த ஒரு குப்பியையும் பயத்தில் திறந்து பார்த்தேன், சத்தமே இல்லை, திருப்பி மூடிவிட்டேன்.


நாசிக் போன நாஞ்சிலான்

நிறம் உங்கள் கண் இல்லை, உண்மைதான். சல்பைட் திராட்சையின் நிறத்தோடு ஒட்டிக்கொண்டு வெளுப்பாகக் காட்டும், அது விட்டுப் போகப் போக நிறம் ஓரளவு திரும்பும். ஆனால் திறந்து பார்த்த அந்தக் குப்பியை முதலில் குடித்துவிடுங்கள். உள்ளே காற்று புகுந்துவிட்டது, சூடு வைத்ததன் பலன் அதற்கு இனி இல்லை. மற்றதை இருட்டில் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், உங்களுடையது திருகு மூடிதானே.


விளைவீட்டுக்காரி

ஆமா திருகு மூடிதான், அரிசிப் பானைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். திறந்த குப்பியை இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன், சந்தோஷப்படுவாள். கடைசியாக ஒன்று: கேனில் போட்ட கோலிக்குண்டு அண்ணன் மகனுடையது, திருப்பிக் கேட்டு அழுகிறான். சோப்பில் கழுவிக் கொடுத்தால் போதும்தானே?


நாசிக் போன நாஞ்சிலான்

போதும். எண்ணிக் கொடுங்கள், மண்டிக்குள் ஒன்றிரண்டு நிற்கும்.